வலை காயறதுக்குள்ள

1

இந்தக் கதையின் கடைசி வரி எனக்கு முதலிலேயே கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் இனிமேல்தான். வீடு கட்டாமல் வாசல் கதவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறவளின் நிலைமை என்னுடையது. சிரிக்காதீர்கள்.

நடந்தது இதுதான். என் வீட்டுக்காரர் தனசேகர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறார். அவர் கப்பல் மெக்சிகோவில் வெராக்ரூஸ் என்ற துறைமுகத்தில் நின்றிருந்தபோது ஒருநாள் போன் வந்தது. அங்கே சாயங்காலம். இங்கே பழவேற்காட்டில் நான் காலை இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். போனுக்குள் ஒரே கூச்சல்.

“இன்னாய்யா, குடிக்கிறியா?”

“சீ, காப்பிதாம்மே. இங்க ஒரு ஆளு நின்ன நெலையில பாட்டுக் கட்டறான். கூட்டத்துல எவனாவது கடைசி அடிய எடுத்து வுடறான். இவன் முன்னால ஒம்போது அடி கட்டிக்கினே வந்து, கரெக்டா அந்த அடியில வந்து நிக்கிறான். கூட வேலை செய்யற மணிலாக்காரன் அர்த்தம் சொல்றான். நீதான் எழுதறவளாச்சே, கேளேன்.”

கேட்டேன். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பத்தாவது அடி வந்து விழுந்ததும் கூட்டம் போட்ட சத்தம் நன்றாகப் புரிந்தது.

“நீ ஒரு அடி குடும்மே, இங்க எடுத்து வுடறேன்” என்றார் விளையாட்டாக.

நான் யோசிக்கவே இல்லை. “வலை காயறதுக்குள்ள வந்துடு” என்றேன்.

அந்தப் பக்கம் கூச்சல் அப்படியே இருந்தது. அவர் குரல் மட்டும் இறங்கிவிட்டது. “இத்த எப்படிம்மே இவங்ககிட்ட சொல்றது” என்று போனை வைத்துவிட்டார். அந்த அடிக்கு அங்கே யாரும் பாட்டுக் கட்டவில்லை. அதனால் நான் கட்டுகிறேன். ஒன்பது பகுதி. பத்தாவதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

2

ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்களின் பழைய விளையாட்டு. அதே விளையாட்டு உலகத்தின் அந்தக் கோடியிலும் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, எரிச்சல். நம் வீட்டுக் குழம்பு பக்கத்து வீட்டில் மணந்தால் வருமே, அது. பிறகு உட்கார்ந்து படித்தேன்.

ஸ்பெயின் ராஜா அமெரிக்காவை ஆண்ட காலத்தில் கற்பனைக் கதைப் புத்தகங்களை அந்தக் கரைக்குக் கப்பலேற்றக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். கதை படித்தால் குடிகள் கெட்டுப்போவார்களாம். [சட்டமும் இருந்தது, புத்தகமும் போனது. திராட்சைச் சாராயப் பீப்பாய்க்குள் ஒளிந்து போனது என்கிறார்கள். அந்தக் கதைகளைப் படிக்கும்போதே கிறங்கியிருக்கும்.] அங்கேயே எழுதி அங்கேயே அச்சான நாவல் என்று ஒன்று வர, ஆட்சி ஆட்டம் காண்கிற காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை எல்லாவற்றையும் பாட்டுதான் சுமந்தது. பத்தடிப் பாட்டைக் கோயிலிலும் பாடினார்கள், சாராயக் கடையிலும் பாடினார்கள். ராஜாவைக் கிண்டல் செய்கிற பாட்டு பெயர் இல்லாமல் சுவரில் ஒட்டப்பட்டது. மாட்டியவனைச் சிறையில் போட்டார்கள், இல்லையென்றால் மணிலாவுக்கு நாடு கடத்தினார்கள். மணிலாவும் அதே ராஜாவின் ஊர்தான்.

மணிலா என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மணிலாவிலிருந்து நம் சோழமண்டலக் கரைக்குத் துணி வாங்கக் கப்பல் வந்துகொண்டிருந்தது. துணி வாங்க வருகிற கப்பலில் ஒரு பாட்டுக்காரன் வரக் கூடாதா? நிஜமாக வந்தானா என்று கேட்காதீர்கள். நான் வரவழைக்கிறேன்.

3

தொடக்கம், முதல் முயற்சி: ‘ஆயிரத்து எண்ணூற்று இருபதுகளில், டச்சுக்காரர்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த பழவேற்காட்டில்—’

பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

இரண்டாவது: ‘அலைகள் கரையை முத்தமிட்டுக்கொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில்—’

அய்யே.

மூன்றாவது: ‘அசிந்தனுக்கு இறால் என்றால் ஆகாது.’

இதை வைத்துக்கொள்கிறேன். இறால் ஆகாதவன் பழவேற்காட்டில் வந்து மாட்டினால் அவன்மேல் தானாகவே பரிதாபம் வரும்.

அவன் நிஜப் பெயர் ஹசிந்தோ. குப்பத்து வாயில் அசிந்தன். வெராக்ரூஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், சாயங்காலமானால் பாட்டுக் கட்டியவன். ஒருநாள் சாராயக் கடையில் யாரோ ‘கடலுக்கு ராஜா கிடையாது’ என்று ஓர் அடியை எடுத்து விட்டான். ஹசிந்தோ ஒன்பது அடி கட்டி அதில் கொண்டுபோய் முடித்தான். கடை அதிர்ந்தது. மறுநாள் சிப்பாய்கள் வந்தார்கள். அடியைக் கொடுத்தவன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டியவனைத் தெரிந்தது. கப்பலேற்றி மணிலாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து துணிக் கப்பல் ஒன்றில் தப்பி வந்தான். வழியில் காய்ச்சல். சாகிறவனைச் சுமந்துகொண்டு போவானேன் என்று கப்பல்காரர்கள் பழவேற்காட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். டச்சுக்காரர்களிடம் அப்போது மிஞ்சியிருந்தது இடிந்த கோட்டையும் கல்லறைத் தோட்டமும் கொஞ்சம் அதிகாரிகளும்தான். அவர்கள் இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரிக்கரைக் குப்பத்துக்காரர்கள் கஞ்சி ஊற்றினார்கள். பிழைத்தான்.

4

கோவிந்தம்மாவை எழுத ஆரம்பித்ததும் கை நின்றுவிட்டது. கப்பலேறிப் போன கணவனுக்காகக் காத்திருக்கிற பெண். தமிழில் இவளைப் போல எத்தனை பேர் வாசலில் நிற்கிறார்கள்! இன்னொருத்தியை நானும் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா? நான் இதை எழுதுவதே—

[அந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.]

ஆகவே இதைச் சொல்லிவிடுகிறேன்: கோவிந்தம்மா வெறுமனே காத்திருக்கிறவள் இல்லை. அவளுக்கு வாய் பெரிசு. மீன் கூறு போடுகிற இடத்தில் அவள் குரல் எழும்பினால் வியாபாரி தள்ளித்தான் நிற்பான். புருஷன் திருவேங்கடம் டச்சுக் கப்பலில் கூலிக்குப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, போனான். போனவன் செத்தானா, அங்கேயே குடும்பம் நடத்துகிறானா, தகவல் இல்லை. யாராவது ‘பாவம்’ என்று ஆரம்பித்தால், “உன் புருஷன் பக்கத்துலயே கீறானே, நீ இன்னாத்தக் கண்ட?” என்பாள்.

இனி பாடு. ஏரியில் மீன் படுகிற இடங்களைக் குலுக்கிப்போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பெயர் பாடு. கல்யாணமான ஆண்களின் பெயருக்குத்தான் பாடு உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறைவரை கூப்பிடுவார்கள். ஆள் வெளியூரில் இருந்தால் அந்த வீட்டு வலையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். தலைவர் அதைத் தொட்டுப் பார்ப்பார். அன்றைக்கு ஏரியில் வீசி நனைந்த வலை என்றால், ‘இருக்கான்’ என்று வீட்டார் சொல்லலாம், பாடு நிற்கும். காய்ந்த வலை என்றால் அவன் இல்லை என்று அர்த்தம். பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். [பாடு நிஜம். தொட்டுப் பார்க்கிற வழக்கம் என் கைச்சரக்கு. ஊரில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.]

பெண்கள் படகேறி வலை போடுவது வழக்கமில்லை. திருவேங்கடத்தின் வலை காய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் கோவிந்தம்மா அந்த வலையைத் தூக்கிக் காய்ச்சலிலிருந்து எழுந்த அசிந்தன் மடியில் போட்டாள். “துன்றியே, போய் வீசு.”

ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் நீலமேகம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “கை எவனுதா இருந்தா இன்னா? வலை திருவேங்கடத்துது. நனைஞ்சா சரி.”

5

அசிந்தன் வலை வீசக் கற்றுக்கொண்டான். அந்தக் காலத்து நூல் வலை. கரைக்கு வந்ததும் அலசி மணலில் விரித்து நன்றாகக் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு விட்டால் இற்றுப்போகும். காய்ந்ததும் இரண்டு பேராக மடிக்க வேண்டும். ஒரு முனையில் அவன், மறு முனையில் அவள். அவர்கள் நெருங்கி நின்றதெல்லாம் அந்த மடிப்பு முடிகிற இடத்தில்தான்.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் அவள் கையிலிருந்து அவன் கைக்குப் போனது ஒவ்வொரு தடவையும் திருவேங்கடத்தின் வலை.

பாட்டு வராமல் அவன் தவித்தான். தனியாகக் கட்ட அவனுக்குத் தெரியாது. எதிரில் ஒரு ஆள் நின்று ஓர் அடியைக் கொடுத்தால்தான் அவனுக்கு வரும். அவன் மொழியில் இங்கே அடி கொடுக்க யார் இருக்கிறார்கள்?

“கோவிந்தம்மா, ஒரு அடி குடு.”

“அடியா? தொடப்பக்கட்டையால குடுக்கட்டா?”

“பாட்டுக்கு. கடைசி அடி.”

“எனக்கு இன்னா பாட்டு தெரியும்? கூழு ஆறுது, துன்னு.”

மறுநாள் படகில் அசிந்தன் வாய் ஓயாமல் பாடிக்கொண்டு வந்தான். ஒன்பது அடி அவன் ஊர்ப் பேச்சு, யாருக்கும் புரியவில்லை. பத்தாவதாக ‘கூழு ஆறுது, துன்னு’ என்று வந்து நின்றதும் படகே சிரித்தது. அன்றையிலிருந்து வலை இழுக்கும்போது குப்பத்து ஆண்கள் எல்லாரும் அதைத்தான் பாடினார்கள்.

கோவிந்தம்மா பொங்கிவிட்டாள். “எங்க வூட்டுக் கூழை ஊர் பூரா பாடறியா நீ?”

“அது கணக்கில்ல” என்றான் அவன். “நீ தெரியாம சொன்ன. தெரிஞ்சி குடுக்கணும். எனக்குன்னு.”

அவள் வலையின் மறு முனையைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

6

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டை இங்கிலீஷ்காரர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மூட்டை கட்டிய வருஷம். அவர்களை ஏற்றிப்போகப் பத்தாவியாவிலிருந்து ஒரு கப்பல் வந்து முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. [இந்தக் கப்பலும் என்னுடையது.] அதில் வந்த ஒரு மாலுமிக்கு அசிந்தனின் பேச்சு தெரிந்திருந்தது. அவன்தான் சொன்னான்: உங்கள் நாட்டில் ராஜாவின் கொடியை இறக்கிச் சில வருஷமாகிறது. நீ பாடியதற்கு இப்போது யாரும் பிடிக்க மாட்டார்கள், வேண்டுமானால் அச்சடித்து விற்பார்கள். பத்தாவியா போய், அங்கிருந்து வேறு கப்பல் பிடித்து நீ வீட்டுக்குப் போகலாம்.

அசிந்தன் நேராகக் கோவிந்தம்மாவிடம் வந்தான். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“எங்க ஊர்ல இப்ப ராஜா இல்லியாம்.”

“எங்க ஊர்ல எப்பக் கண்டோம்?”

“கப்பல் நிக்குது. பத்தாவியா போவுது.”

அரிவாள்மணையில் கை நின்றது. “பத்தாவியாவா?” என்றாள். பிறகு மெதுவாக, “அங்க ஒரு ஆளு இருந்தா பாப்பியா?”

“பாத்து?”

அவள் அடுத்த மீனை எடுத்து அரிந்தாள். ‘வரச் சொல்’ என்பதா, ‘வர வேண்டாம் என்று சொல்’ என்பதா? நானும் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன், என்னிடமும் சொல்லவில்லை.

“நான் போவட்டுமா, கோவிந்தம்மா?”

இந்த இடத்தில் அவளுக்கு என்ன வழி இருக்கிறது, பாருங்கள். இரு என்று சொன்னால் திருவேங்கடம் செத்துவிட்டான் என்று அவளே சொன்ன மாதிரி. போ என்று சொன்னால் வலை காயும், பாடு போகும், இவனும் போவான். அவனுக்கும் அப்படித்தான். இருந்தால் ஆயுசுக்கும் இன்னொருவன் பெயரில் வலை வீச வேண்டும். போனால் அவன் மொழியில் ஆயிரம் பேர் அடி கொடுப்பார்கள், அவள் இருக்க மாட்டாள்.

“காத்து எறங்கிடுச்சி. காலையில வலை போடணும்” என்று மட்டும் சொன்னாள்.

7

கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. போய்விட்டு வா என்றும் எங்கள் கரையில் சொல்ல மாட்டார்கள். கரையில் காத்திருக்கிற ஒரு வேலையை மட்டும் நினைவுபடுத்துவார்கள். கூரை மேயணும், விறகு பொளக்கணும், இப்படி. வேலை மிச்சம் இருக்கிறவன் திரும்பித்தானே ஆக வேண்டும்.

அன்று காலையும் அசிந்தன் வலை வீசினான். கொண்டுவந்து அலசி மணலில் விரித்தான். கப்பலுக்கு ஆள் ஏற்றுகிற படகு தயாராக நின்றது. குப்பமே கரையில் நின்றது. அசிந்தன் கோவிந்தம்மா எதிரில் வந்து நின்றான். இந்த முறை அவன் அடி கேட்கவில்லை.

அவள் அவன் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கச் சொன்னாள்: “வலை காயறதுக்குள்ள வந்துடு.”

தெரிந்துதான் சொன்னாள். அவனுக்கென்றுதான் சொன்னாள். அது அவனுக்குப் புரிந்தது. படகில் ஏறி உட்கார்ந்ததும் அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒன்பது மடங்கி, ஒன்று மட்டும் நீண்டு நின்றது. அந்த ஒன்று அவள் கொடுத்தது. படகு முகத்துவாரத்தைத் தாண்டியது.

[கடைசிக்கு வைத்திருந்த அடியை ஏழாம் பகுதியிலேயே செலவழித்துவிட்டேன். அசிந்தன் பார்த்தால் நீயெல்லாம் ஒரு பாட்டுக்காரியா என்று கேட்பான்.]

8

இதுவரை எழுதியதைப் போனில் தனசேகருக்குப் படித்துக் காட்டினேன்.

“குதிச்சி நீஞ்சி வந்துடுவான்ல?” என்றார்.

“சினிமா பாக்கறியா நீ?”

“சரி, புருசங்காரன் வந்துட்டான்னா?”

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். அதற்கப்புறம் பல நாள் என்னால் எழுத முடியவில்லை. திருவேங்கடம் வந்து நிற்பதாக எழுதினேன், கிழித்தேன். அவன் நல்லவனாகவே வந்தான். அதுதான் தொல்லை.

இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அசிந்தன் வெராக்ரூஸ் போய்ச் சேர்கிறான். அதே சாராயக் கடை. கட்டித் தழுவுகிறார்கள், ஊற்றிக் கொடுக்கிறார்கள். ‘நீயே ஒரு அடி கொடு, நாங்கள் கட்டுகிறோம்’ என்கிறார்கள். அவன் எழுந்து நின்று, “வலை காயறதுக்குள்ள வந்துடு” என்கிறான். கடையே அவனைப் பார்க்கிறது. ஒருத்தராலும் கட்ட முடியவில்லை. இத்தனை வருஷம் எந்தப் பேச்சுக்கு ஏங்கினானோ அந்தப் பேச்சின் நடுவில் உட்கார்ந்து, இப்போது அவன் வேறொரு பேச்சுக்கு ஏங்குகிறான்.

இது நல்ல முடிவு. தனசேகருக்கும் பிடித்தது. “அப்பிடியே முடிச்சிடும்மே” என்றார். பிறகு, “ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காத. இன்னும் ஆறு மாசம் நீட்டிச்சிட்டாங்க” என்றார்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் தெரிந்தது, அந்த முடிவு அவனுக்குத்தான். அவளை மணலில் அப்படியே விட்டுவிட்டு நான் எப்படி முடிக்க முடியும்?

9

அவள் சொன்னது வலை காய்வதற்குள். கோடை வெயிலில் ஒரு நூல் வலை காய எவ்வளவு நேரம் ஆகும்? கப்பலின் பாய் கண்ணுக்குத் தெரிகிறபோதே ஓரங்கள் காய ஆரம்பித்திருந்தன.

கோவிந்தம்மா எழுந்தாள். வலையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஏரியில் இடுப்பளவு இறங்கி முக்கி எடுத்தாள். மறுபடி மணலில் விரித்தாள். காயத் தொடங்கியதும் மறுபடி இறங்கினாள். மறுநாளும் அதையே செய்தாள், அடுத்த நாளும்.

கரையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள். குப்பத்தில் நல்ல வலை அவளுடையது. ஈரத்திலேயே கிடந்தால் இற்றுப்போகும் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியாதா? “இன்னாமே, பைத்தியமா உனக்கு?” என்று சிலர் கேட்டார்கள். அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவர்களை இன்னும் பயமுறுத்தியது.

பைத்தியம் ஒன்றும் இல்லை. வலை இன்னும் காயவில்லை. காயாதவரைக்கும் அவன் தாமதித்துவிட்டான் என்று சொல்ல முடியாது. இவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு. இதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இப்போது என்னிடம் ஒரு வலை இருந்தால் நானும் முக்குவேன்.

பாடு குலுக்குகிற நாள் வந்தது. கோவிந்தம்மா வலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கண்ணி கண்ணியாக விட்டுப்போய், சேற்று நாற்றம் அடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது வலை. மீன் பட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

“திருவேங்கடம்!”

நீலமேகம் குனிந்து வலைமேல் கை வைத்தார். விரலோடு ஒரு பிடி நூல் கழன்று வந்தது. வலை வீசாமல் வெறுமனே முக்கி எடுத்த ஈரம் எது என்று அவருக்குத் தெரியும். அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இரண்டாம் முறையும் பெயரைக் கூப்பிட்டார்கள்.

10

தலைவர் கையை எடுத்துவிட்டார். இது தன்னால் ஆகாது என்கிறார். என்னாலும் ஆகாது. நான் இந்த வழக்கில் அவளுக்கு வேண்டியவள், என் தீர்ப்பு செல்லாது.

கொஞ்சம் முன்னால் வாருங்கள். வலை உங்கள் எதிரில்தான் கிடக்கிறது. இற்றுப்போன வலைதான், பார்க்க அசிங்கம்தான். ஆனால் ஈரம். அது திருவேங்கடத்துக்காக நனைந்ததா, அசிந்தனுக்காக நனைந்ததா என்று அவளிடம் கேட்காதீர்கள். கேட்கக் கூடாது. கையை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், போதும். மூன்றாம் முறை கூப்பிட வாயைத் திறந்துவிட்டார்கள். கோவிந்தம்மா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இருக்கானா?